சிபாரிசு: கர்ட் கோபேனும் அவர் கைகாட்டிய பெயர்களும்

1

'சிபாரிசு' பாரசீகத்திலிருந்து நமக்கு வந்த சொல். நம் புழக்கத்தில் அது இசையோடு சேர்ந்து வருவது குறைவு. எம்.எல்.ஏ.விடம் வாங்குகிற லெட்டர், மாமாவுக்குத் தெரிந்த சூப்பரிண்டெண்ட், 'நம்ம பையன்தான் சார், கொஞ்சம் பாத்துக்கங்க' என்று இழையும் குரல் - இவைதான் நமக்குச் சிபாரிசு. செல்வாக்குள்ள ஒருவர் அது இல்லாத ஒருவருக்குத் தன் பெயரைக் கொஞ்ச நேரம் கடன் தருகிறார். தருவதால் தந்தவர் பெயர் குறைந்துவிடுவதில்லை; 'பெரிய மனுஷன்' என்று இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. ஆகவே சிபாரிசு என்பதை அதிகாரத்தின் இயக்கங்களில் ஒன்றாக வாசிப்பதில் நமக்குச் சிரமம் இருக்காது.

பிரச்சினை இதற்கப்புறம்தான் வருகிறது. ஒரு பாட்டுக்காரர் மேடையில் நின்றுகொண்டு 'என்னை விடுங்க, இவங்களைக் கேளுங்க' என்று பெயர் தெரியாத இன்னொருவரைக் காட்டினால் அதுவும் இதே இயக்கம்தானா? கைகாட்டப்பட்டவருக்கு உண்மையில் என்ன நடக்கிறது? கைகாட்டியவருக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் நிர்வாணா குழுப் பாடகர் கர்ட் கோபேன் (1967-1994) தன் கடைசி மூன்று ஆண்டுகளில் செய்த சிபாரிசுகளை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருச்சியில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழு ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் கிட்டார் வாசித்தவன் நான். எங்கள் பிழைப்பே அடுத்தவர் பாட்டு. அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், ஹீரோ பெயரைச் சொல்வார், இசையமைப்பாளர் பெயரையும் சொல்வார். ரெக்கார்டிங்கில் அந்தக் கிட்டார் துணுக்கை வாசித்தவன் யார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1995இல் பெங்களூரில் வேலை பார்த்த நண்பன் ஒரு காசெட் கொண்டுவந்து கொடுத்தான். 'பாட்டைக் கேளு, அதைவிட நடுவுல அந்தாளு பேசறதைக் கேளுடா' என்றான். நிர்வாணா 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்.டி.வி.க்காக வாசித்த 'அன்பிளக்டு' நிகழ்ச்சி அது. பாட்டுக்கு நடுவே அந்த ஆள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் கடன் கணக்காக இருந்தது. இது வேசலைன்ஸ் என்ற குழுவின் பாட்டு, இது போவியின் பாட்டு, இப்போது மீட் பப்பெட்ஸ் சகோதரர்கள் மேடைக்கு வருகிறார்கள், இது லெட்பெல்லி பாடியது. மொத்தம் 14 பாட்டு. அதில் 6 அவருடையதல்ல. உலகத்திலேயே அதிகம் விற்றுக்கொண்டிருந்த ராக் குழு ஒன்று, தன் ஹிட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு அடுத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர்களோடு காலம் தள்ளிய எனக்கு அது விநோதமாக இருந்தது. காசெட் அட்டையின் பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.

2

'இண்டி' என்கிற சொல்லை இன்றைக்கு ஒரு 'சவுண்ட்' என்பதாக எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். மெல்லிய குரல், தாடி, சோகம், ஒரு கிட்டார். வரலாறு வேறு. அது விநியோகம் சம்பந்தப்பட்ட சொல். 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித் தானே ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. முதலில் போட்டது 1000 பிரதி. அது தீர்ந்து, மேலும் மேலும் போட்டுப் பல ஆயிரம் விற்றது. கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்று மற்ற ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அது ஒரு செய்முறை விளக்கமாக அமைந்தது. லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976இல் தொடங்கிய 'ரஃப் டிரேட்' கடை 1978இல் வெளியீட்டகமாகவும் ஆனது. நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்த இதுபோன்ற கடைகளோடு சேர்ந்து தனக்கென்று ஒரு விநியோக வலையைக் கட்டியது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் 'இண்டி' விற்பனைப் பட்டியல் வரத் தொடங்கியபோது அதில் இடம்பெறுவதற்கான தகுதி ஒன்றே ஒன்று: பெரிய கம்பெனிகளின் விநியோகத்தில் வராத தட்டாக இருக்க வேண்டும். இந்த விதியின்படி 80களின் பிற்பகுதியில் கைலி மினோக்கின் டிஸ்கோப் பாட்டுகள்கூட அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன என்பது வேடிக்கை. ஆனால் வேடிக்கைக்குள் உண்மை இருக்கிறது. 'இண்டி' முதலில் ஓர் உற்பத்தி உறவின் பெயர். அழகியலின் பெயராக அது ஆனது பிற்பாடுதான்.

சிறுபத்திரிகை வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று சி.சு. செல்லப்பா அறிவித்துக்கொண்டதும், க.நா.சு. வாழ்நாளெல்லாம் பட்டியல் போட்டுத் திட்டு வாங்கியதும் நம் ஞாபகத்தில் இருக்கின்றன. சந்தை ஒரு பெயரைச் சொல்லாதபோது, யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும். சிறிய விநியோகமும் சிபாரிசும் ஒட்டிப் பிறந்தவை.

அமெரிக்காவில் இந்த வலை இன்னும் மெலிசு. தூரம் அதிகம். கோபேன் தன் இருபதுகளின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒலிம்பியா வாஷிங்டன் மாநிலத்தின் சின்னத் தலைநகரம். அங்கே கால்வின் ஜான்சன் 1982இல் தொடங்கிய 'கே ரெக்கார்ட்ஸ்' காசெட்டுகளில் ஆரம்பித்தது. தட்டு அச்சிடப் பணம் வேண்டும். காசெட்டுக்கு இரண்டு டெக் போதும். வாசிக்கத் தெரிந்த பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்கிற நிபந்தனையையும் அந்த ஊர்க்காரர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கோபேன் தன் முன்கையில் அந்தக் கம்பெனியின் 'கே' முத்திரையைப் பச்சை குத்திக்கொண்டார்.

3

நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'பிளீச்' 1989இல் சியாட்டிலின் 'சப் பாப்' என்ற சிறு வெளியீட்டகத்திலிருந்து வந்தது. ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் சொச்சம். இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் கெஃபன் என்னும் பெரிய கம்பெனியின் கிளையான டி.ஜி.சி.யிலிருந்து வந்தது. கம்பெனி முதல் தவணையாக அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியது 50 ஆயிரத்துக்கும் குறைவான பிரதிகள். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு 'பில்போர்டு' பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இதில் தொழில்நுட்பத்தின் பங்கும் உண்டு. 1991 மே மாதம்வரை அந்தப் பட்டியல், கடைக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டுத் தொகுக்கப்பட்டது. கடைக்காரர் தன் மனதுக்குப்பட்டதைச் சொல்வார்; கம்பெனி ஏஜெண்டுகள் அவரைக் 'கவனித்து'க்கொள்வார்கள். அதன் பிறகு கல்லாவில் பார்கோடு படிக்கும் இயந்திரத்தின் கணக்கு வந்தது. யார் என்ன வாங்குகிறார்கள் என்பது தெரிந்தபோதுதான் கம்பெனிகளுக்கே தங்கள் வாடிக்கையாளர் யார் என்று புரிந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷம் அவர்கள் செக் புத்தகத்தோடு சின்ன ஊர்களில் அலைந்தார்கள். 'ஆல்டர்நேட்டிவ்' என்று ஒரு அலமாரிப் பெயர் உருவானது. எதற்கு மாற்று என்று கேட்டால் பதில் கிடையாது. அடோர்னோ 40களில் 'பண்பாட்டுத் தொழில்' பற்றி எழுதியபோது, வித்தியாசத்தையே சரக்காக்குவது அதன் இயல்பு என்றார். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

1991 ஆகஸ்டு 20 முதல் 25 வரை ஒலிம்பியாவில் கால்வின் ஜான்சனும் தோழர்களும் பெரிய கம்பெனிகளை ஒதுக்கிவைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். முதல் இரவு முழுக்கப் பெண்கள் வாசித்தார்கள். 'ரயட் கேர்ள்' இயக்கம் ஒரு கூட்டமாகத் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட இரவுகளில் அதுவும் ஒன்று. கையில் அந்த ஊர் முத்திரையைக் குத்தியிருந்த கோபேன் அந்த வாரம் அங்கே இல்லை. இங்கிலாந்தில் ரெடிங் பெருவிழா மேடையில் இருந்தார்.

அவருடைய சிபாரிசுகளுக்குப் பின்னால் இந்த இல்லாமை இருக்கிறது என்பது என் வாசிப்பு. பூர்தியூ, பண்பாட்டுக் களத்தைத் தலைகீழான பொருளாதாரம் என்று விளக்குவார்: அங்கே விற்காதவனுக்கு மதிப்பு, விற்றவன் சந்தேகத்துக்குரியவன். கோபேன் ஒரே குளிர்காலத்தில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போய்விட்டார். போனபின் தன் பழைய ஊரின் பெயர்களை ஓயாமல் சொல்லத் தொடங்கினார். இதைக் குற்றவுணர்ச்சி எனலாம். இழந்த கலாச்சார மூலதனத்தை மீட்கும் உத்தி எனவும் கறாராகச் சொல்லலாம். இரண்டுமே ஓரளவு சரி. ஆனால் இத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வது சோம்பல். சிபாரிசு செய்தவரின் மனநிலையை மட்டும் அலசிவிட்டு, சிபாரிசு செய்யப்பட்டவர்களை மறுபடியும் மறந்துவிடுகிறோம் அல்லவா?

4

ஒவ்வொருவராகப் பார்ப்போம். கோபேனின் சிபாரிசு நான்கு வடிவங்களில் இயங்கியது: உடுத்துவது, எழுதுவது, பாடுவது, மேடையில் பக்கத்தில் நிறுத்துவது. நான்கும் ஒன்றல்ல.

உடுத்தியது டேனியல் ஜான்ஸ்டனை. 1961இல் பிறந்தவர், மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்து டெக்ஸாஸின் ஆஸ்டினுக்கு வந்து சேர்ந்தவர். மலிவான ஒரு டேப் ரெக்கார்டரில் தானே பாடிப் பதிந்து, அட்டைக்குத் தானே படம் வரைந்து, தெருவில் போவோர் வருவோருக்குக் கொடுத்தவர். பிரதி எடுக்க இரண்டாவது டெக் இல்லாத ஆரம்ப நாட்களில், ஒவ்வொரு காசெட்டுக்கும் முழு ஆல்பத்தையும் திரும்ப முதலிலிருந்து பாடினார். இயந்திரப் பிரதியின் யுகத்தில் கலைப்பொருள் தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்று பெஞ்சமின் எழுதியதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். இந்த ஆளிடம் காசெட்டும் மூலம்தான். 1983இல் அவர் வெளியிட்ட ஒரு காசெட்டின் அட்டையில் ஒரு தவளை, ஹலோ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும். கோபேன் 1992 செப்டம்பரில் எம்.டி.வி. விருது விழாவுக்கு அந்தத் தவளை அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு போனார். அந்த வருஷம் பல புகைப்படங்களிலும் அதுவேதான்.

கம்பெனிகள் ஜான்ஸ்டனைத் தேடி ஓடின. அவர் அப்போது மனநல மருத்துவமனையில் இருந்தார். 1994இல் அட்லாண்டிக் நிறுவனம் ஒரு ஆல்பம் போட்டது. சில ஆயிரம் பிரதிதான் விற்றது. 1996இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். பனியன் ஊர் ஊராகப் போயிற்று. தவளையைத் தெரிந்த லட்சம் பேரில் பாட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஜான்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நோயிலிருந்து தொடங்குவார்கள். 'பைத்தியக்கார மேதை' என்கிற சொல்லாடல் தயாராகக் காத்திருக்கிறது. ஆளைத் தூக்கி அதற்குள் போட்டுவிட்டால் பாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. அவர் பீட்டில்ஸை மனப்பாடமாய்ப் படித்தவர், திரும்பக் கிடைக்காத ஒரு காதலை நூறு வகை மெட்டில் கட்டத் தெரிந்த கைவேலைக்காரர் என்பதெல்லாம் அடிபட்டுப் போகின்றன. உடுத்தப்பட்ட சிபாரிசு ஒரு பெயரைப் படமாக மாற்றுகிறது. படத்தைப் பரப்புவது சுலபம். ஆனால் பனியனைப் பார்த்தவன் பாட்டைக் கேட்டுவிட்டான் என்று பொருளில்லை.

எழுதியது ரெயின்கோட்ஸ் குழுவை. 1977இல் லண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அனா ட சில்வாவும் ஜினா பிர்ச்சும் தொடங்கியது. 1979இல் ரஃப் டிரேட் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் நால்வருமே பெண்கள். தாளம் நேராகப் போகாது. தடுமாறும், நிற்கும், ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். வயலின் கீறும். இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று பின்னணியாக்காமல் பாடும். ஆண் பாடகர் ஒருவர் பால் மயக்கத்தைப் பற்றிப் பாடிப் பிரபலமான கிங்க்ஸ் குழுவின் 'லோலா'வை இவர்கள் வரி மாற்றாமல் பாடும்போது, யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பதே குழம்பிவிடுகிறது. 80களின் நடுவில் குழு கலைந்தது. 1991இல் ரஃப் டிரேடின் விநியோகம் திவாலானது. தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன.

1992இல் லண்டன் போன கோபேன், தேய்ந்துபோன தன் பிரதிக்குப் பதில் இன்னொன்று வாங்க ரஃப் டிரேட் கடைக்குப் போகிறார். தட்டு இல்லை. ஆனால் அனா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில்தான் வேலை பார்க்கிறார் என்று சொல்லி அனுப்புகிறார்கள். போய்ப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசிவிட்டு வருகிறார். பின்னால் அவர் கையெழுத்திட்ட தட்டொன்று தபாலில் வந்து சேர்கிறது. அந்த வருஷக் கடைசியில் வந்த 'இன்செஸ்டிசைடு' தொகுப்பின் உள்தாளில் கோபேன் இதை எழுதினார். புகழைவிட இந்தச் சந்திப்பு தனக்குப் பெரிது என்கிற தொனியில் எழுதினார்.

முக்கியமானது அதே தாளில் இருக்கும் இன்னொரு விஷயம். ஒருபால் விருப்பம் உள்ளவர்களையோ வேற்று நிறத்தவரையோ பெண்களையோ வெறுப்பவர்கள் தயவுசெய்து எங்கள் கச்சேரிக்கு வராதீர்கள், எங்கள் தட்டை வாங்காதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். பெண்கள் குழு ஒன்றுக்கான சிபாரிசும் ரசிகர்களை விலக்குகிற இந்த வேண்டுகோளும் ஒரே தாளில் வருவது தற்செயல் அல்ல. 'நெவர்மைண்ட்' கொண்டுவந்து சேர்த்த கூட்டத்தில், பள்ளியில் தன்னை அடித்த பையன்களைப் போன்றவர்களும் நிற்பதை அவர் கண்டார். கேட்பவனை மாற்ற முயல்கிற சிபாரிசு அது. 'இதைக் கேட்கப் பழகினால்தான் என்னையும் கேட்க உனக்குத் தகுதி' என்கிறது. 1993-94இல் ரெயின்கோட்ஸின் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. முதல் ஆல்பத்துக்குக் கோபேன் குறிப்பு எழுதினார், இரண்டாவதுக்கு சோனிக் யூத்தின் கிம் கோர்டன். 1994 ஏப்ரலில் நிர்வாணாவின் பிரிட்டன் பயணத்தில் அவர்கள் முன்வரிசைக் குழுவாக வாசிப்பதாக ஏற்பாடு. ஏப்ரல் 5 அன்று கோபேன் இறந்தார்.

பாடியது வேசலைன்ஸ் குழுவை. கிளாஸ்கோவின் யூஜின் கெல்லியும் ஃபிரான்சஸ் மக்கீயும் 1986இல் தொடங்கி 1989இல், ஒரே ஒரு முழு ஆல்பத்தோடு, கலைந்துபோனார்கள். சண்டே ஸ்கூலில் குழந்தைகள் பாடுகிற ஒரு பாட்டை எடுத்து, ஏசுவுக்கு நான் வேண்டாமாம் என்று கவிழ்த்தார்கள். அவர்களுடைய மூன்று பாட்டுகளை நிர்வாணா பதிவு செய்தது. மேடையில் நிறுத்தியது மீட் பப்பெட்ஸின் கர்க்வுட் சகோதரர்களை. அரிசோனாவின் பாலைவன வெயிலில் காய்ந்த நாட்டுப்புற இசைபோல வாசிப்பவர்கள். 'அன்பிளக்டு'க்கு இன்னும் பெரிய பெயர்கள் விருந்தாளிகளாக வருவார்கள் என்று எதிர்பார்த்த எம்.டி.வி.க்காரர்களுக்கு இவர்கள் ஏமாற்றம்.

பாடுவதற்கும் பனியன் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அடுத்தவர் பாட்டைத் தட்டில் பதிந்தால் பிரதிக்கு இவ்வளவு என்று பாட்டை எழுதியவருக்குப் போயாக வேண்டும். 1994இல் அமெரிக்கச் சட்டப்படியான விகிதம் பாட்டு ஒன்றுக்கு, பிரதி ஒன்றுக்கு 6.6 சென்ட். 10 லட்சம் பிரதிக்கு 66,000 டாலர். பதிப்பாளர் தன் பங்கை எடுத்துக்கொண்ட மீதி எழுதியவருக்கு. 'அன்பிளக்டு' அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. கலைந்துபோன ஒரு கிளாஸ்கோ குழுவுக்கு இது என்ன என்பதைக் கூலிக்கு வாசிக்கிற என் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நன்றியுணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். பாடப்பட்ட சிபாரிசு வாடகை கொடுக்கிறது.

5

இனிக் கணக்கின் மறுபக்கம். சிபாரிசு செய்தவருக்கு யார் சிபாரிசு செய்தார்கள்?

கோபேனின் ரசனை வானத்திலிருந்து விழவில்லை. ஒலிம்பியாவில் பழகியவர்கள், குறிப்பாக 'பிகினி கில்' குழுவைத் தொடங்கிய டோபி வெய்ல், காத்லீன் ஹன்னா போன்ற பெண்கள், கைமாற்றிக்கொண்ட காசெட்டுகளும் கையெழுத்துப் பத்திரிகைகளும் பேச்சும்தான் அவருடைய பல்கலைக்கழகம். அவருடைய மிகப் பிரபலமான பாட்டின் தலைப்பே, காத்லீன் ஹன்னா அவர் அறைச் சுவரில் கிறுக்கிய ஒரு கேலிதான். டோபி வெய்ல் பூசிக்கொண்ட வாசனைப் பொருளின் பெயர் அது. சுவரில் எழுதியவளுக்கு உரிமைத்தொகை கிடையாது. டேப் கொடுத்தவளுக்கும் கிடையாது. கடைசியில் பெண் குழுக்களைக் 'கண்டுபிடித்த' பெருமை ஒரு ஆணின் பெயரில் எழுதப்பட்டது. அனா ட சில்வாவைப் பற்றி இன்று எழுதப்படுகிற எந்தக் குறிப்பிலும் கோபேன் பெயர் வந்துவிடுகிறது. கடன் கொடுத்தவர் பெயர் குறைவதில்லை என்று முதலில் சொன்னேனே, அது இங்கேயும் பொருந்துகிறது.

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 'அன்பிளக்டு' கடைசிப் பாட்டு லெட்பெல்லி பாடியது. ஹட்டி லெட்பெட்டர் என்ற அந்தக் கறுப்பினப் பாடகரை 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர்களான ஜான் லோமக்ஸும் மகன் ஆலனும் பதிவு செய்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவரை மேடைகளுக்கு அழைத்துப் போனார்கள். சிறை உடையில் நிறுத்திக் காட்டினார்கள். வருமானத்தில் பெரும்பங்கு லோமக்ஸ்களுக்குப் போனது. 1935இல் உறவு முறிந்து, லெட்பெல்லி தன் பணத்துக்காக வக்கீலை நாட வேண்டியிருந்தது. லோமக்ஸ்கள் இல்லாவிட்டால் அந்தக் குரலை நாம் கேட்டிருப்போமா என்பது சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத்தான் சேகரிப்பவர்கள் எப்போதும் ரசீதாகக் காட்டுகிறார்கள். 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லுக்குள் கொலம்பஸ் ஒளிந்திருப்பது நமக்குத் தெரிந்ததே. அந்தப் பாட்டையும் லெட்பெல்லி கட்டவில்லை. அப்பலாச்சிய மலைகளில் யார் பெயரும் இல்லாமல் புழங்கியது. கோபேனுக்கு அது நண்பர் மார்க் லனெகன் வழியாக வந்தது. ஆக, கடைசிவரை போய்ப் பார்த்தால் மூலவர் என்று ஒருவரும் கிடைப்பதில்லை. கைமாற்றியவர்களின் வரிசைதான் கிடைக்கிறது.

கோபேன் தன் நோட்டில் எழுதி வைத்திருந்த 50 ஆல்பங்களின் பட்டியல் 2002இல் அவருடைய குறிப்பேடுகளோடு அச்சானது. கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயண்ட்ஸ், போர்ட்லண்டின் வைப்பர்ஸ், ஒசாகாவின் ஷோனென் நைஃப் என்று அது நல்ல பட்டியல்தான். பெண்கள் கணிசம். ஆனால் லெட்பெல்லி, பப்ளிக் எனிமி, பேட் பிரெய்ன்ஸ் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் கறுப்பினப் பெயர்கள். 'இண்டி' என்று சொல்லப்பட்ட அந்தச் சின்ன உலகமும் யாரை உள்ளே விட்டது, யாரை விடவில்லை என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து தெரிகிறது. விளிம்புக்கும் ஒரு மையம் இருக்கிறது.

6

பிறகு என்ன ஆயிற்று? 90களின் இறுதிக்குள் கம்பெனிகள் அந்த அலமாரியைக் காலி செய்தன. ரெயின்கோட்ஸ் 1996இல் ஒரு புது ஆல்பம் வெளியிட்டார்கள். வேசலைன்ஸ் திரும்பக் கூடி 2010இல் தங்கள் இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள்; முதலாவதற்கும் அதற்கும் இடையே 21 வருஷம். ஜினா பிர்ச்சின் முதல் தனி ஆல்பம் வந்தது 2023இல். ஆஸ்டினில் ஒரு தட்டுக்கடை 1993இல் ஜான்ஸ்டனைக் கொண்டு சுவரில் அந்தத் தவளையை வரைய வைத்தது. கடை போய் வேறு கடை வந்தபோது சுவரை இடிக்க விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் நின்றார்கள். ஜான்ஸ்டன் 2019 செப்டம்பரில் இறந்தார். தவளை நின்றது.

இப்போது சிபாரிசை இயந்திரம் செய்கிறது. நீ இதைக் கேட்டாய், ஆகவே இதையும் கேள் என்கிறது. அதற்குக் குற்றவுணர்ச்சி இல்லை, கடனும் இல்லை. தேய்ந்துபோன தட்டுக்காக அது எந்தப் பழம்பொருள் கடை வாசலிலும் தயங்கி நிற்கப் போவதில்லை. வருஷத்துக்கு 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குக் காசு கிடையாது என்று ஸ்பாட்டிஃபை 2024 முதல் விதி வைத்தது. பஸ்காக்ஸ் முதலில் அச்சிட்டதும் அதே 1000தான். அன்று ஒரு இயக்கத்தைத் தொடங்கப் போதுமாக இருந்த எண், இன்று சம்பளப் பட்டியலில் பெயர் வருவதற்கான குறைந்தபட்சம்.

7

என் காசெட்டுக்கு வருகிறேன். அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதிய பெயர்கள் பத்து வருஷத்துக்கு மேல் வெறும் பெயர்களாகவே கிடந்தன. திருச்சியில் எந்தக் கடையிலும் அவை இல்லை. ரெயின்கோட்ஸ் எப்படி இருக்கும் என்று நானே மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொள்வேன். பிரவுசிங் சென்டர் காலம் தாண்டி, 2007 வாக்கில் ஒரு ராத்திரி அந்த முதல் ஆல்பத்தைக் கேட்டபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. 'என்னடா இது, தாளம் பிசகுதே' என்றுதான் தோன்றியது. தொழில்முறை வாசிப்பாளனின் காது. நாலாவது தடவை கேட்கும்போதுதான், பிசகுவது அவர்கள் இல்லை, ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது பிடிபட்டது. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. இருபது வருஷம் டிரம்மரின் கிளிக்குக்குப் பின்னாலேயே ஓடிய எனக்கு, வேறு விதமாகவும் சேர்ந்து வாசிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழுவிலிருந்து விலகுவதற்கு முந்தின வருஷம், கீபோர்டு வாசிக்க வந்த ஒரு பையனுக்கு இந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ரெயின்கோட்ஸ், யங் மார்பிள் ஜயண்ட்ஸின் ஒரே ஆல்பம், வைப்பர்ஸின் முதல் மூன்று, ஜான்ஸ்டனின் 1983 காசெட்டுகள். ஒரு மாசம் கழித்து வந்து, 'அண்ணே, அந்த நாலு பொம்பளைங்க பாட்டு நல்லாருக்குண்ணே. இதை உங்களுக்கு யாரு சொன்னா?' என்று கேட்டான்.

கோபேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உட்கார வைத்து, பெங்களூர் நண்பனிலிருந்து ஆரம்பித்து, ஒலிம்பியாவில் டேப் கொடுத்த பெண்கள்வரை சொன்னேன். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அறிவிப்பாளர் கூப்பிட்டுவிட்டார், மேடைக்குப் போனோம்.